மேட்டுத் தண்ணீர்: மகாவலிக் கரைக் கமக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்கே மூதூர், சேருவில, ஈச்சிலம்பற்று, வெருகல் பகுதிக் கமக்காரர் அமைப்புகளுக்கும், மகாவலித் தண்ணீரை நம்பி வயல் செய்யும் மற்ற அமைப்புகள் அனைத்துக்கும்,

வணக்கம். ஆயுபோவன். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் மலைநாட்டில், பூண்டுலோயாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். எங்கள் டிவிசனின் தண்ணீர்ச் சங்கக் கணக்குக் கொப்பியும் என் கையில்தான் இருக்கிறது. ஒரு ஊற்று, ஒரு சீமெந்துத் தொட்டி, இரண்டு பக்கம் போகும் குழாய். சங்கத்தின் சொத்து அவ்வளவுதான். அந்த ஊற்றில் நாங்கள் குடித்தது போக மிச்சம் ஓடையில் விழுந்து, கொத்மலை ஓயாவில் சேர்ந்து, கொத்மலை நீர்த்தேக்கத்துக்குள் போய், மகாவலியாகி, கடைசியில் உங்கள் வயலுக்கு வருகிறது. இத்தனை காலமும் தண்ணீர் வந்தது, அதோடு ஒரு கடிதம் வந்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேல் பருவக்காற்று எங்கள் மலையில் வந்து மோதும். விடாத மழை. பெண்கள் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு நனைந்தபடியே கொழுந்தெடுப்பார்கள். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்புக்கு மேலே கட்டிய கம்பியில் பிள்ளைகளின் சீருடை மூன்று நாளானாலும் காயாது. அதே மாதங்களில் உங்கள் பக்கம் கச்சான் காற்று வீசி நிலம் வெடிக்கும். ஆனாலும் உங்கள் சிறுபோகம் விளைகிறது. எங்கள் பிள்ளைகளின் சீருடையைக் காயவிடாத அதே மழைதான் ஆற்று வழியே வந்து உங்கள் பயிருக்குப் பாய்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று நம்பமாட்டார்கள். வரைபடத்தில் அவர்கள் விரலைப் பிடித்துக் கொண்டுபோக வேண்டும்: கொத்மலை, கம்பளை, பேராதனை, கண்டி. பொல்கொல்லையில் ஒரு பங்கு சுரங்கத்துக்குள் புகுந்து வடக்கே போகும். மிச்சம் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே, மினிப்பே தாண்டி மன்னம்பிட்டிக்கு வரும். அதற்கும் கீழே ஆறு பிரிந்து ஒரு கிளை வெருகலாறாகக் கடலுக்குப் போகும், மற்றது மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழும். மொத்தம் 335 கிலோமீற்றர். விரல் கடலில் வந்து நின்றதும் ஒரு பிள்ளையாவது கேட்கும், "சேர், அங்க யாரு இருக்காங்க?" என்று.

அந்தக் கேள்விக்கு எனக்கே மூன்று வருடத்துக்கு முன்புதான் சரியான பதில் கிடைத்தது. வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தேன். மனைவியின் சித்தி குடும்பம் 1977 கலவரத்தில் மலையை விட்டு இறங்கி ஈச்சிலம்பற்றில் குடியேறியது. அவர்கள் வீட்டில் தங்கியிருந்தபோது, சித்தப்பாவோடு வயல் செய்யும் மூதூர்க் காக்கா ஒருவர் (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) என்னைத் தன் வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார். ஒரு சோடாப் போத்தலில் தண்ணீரை மொண்டு வரப்பில் நிறுத்தி வைத்தார். தேத்தண்ணி குடித்து, வெற்றிலை போட்டு, ஊர்க்கதை பேசி முடிவதற்குள் போத்தலின் அடியில் பெருவிரல் நகம் அளவுக்கு மண் அடைந்திருந்தது. அதைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டி, "தம்பி, இது உங்கட மலை" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு வாய் வரவில்லை. அந்த மண்ணில் எவ்வளவு எங்கள் மலையிலிருந்து வந்தது, எவ்வளவு வழியில் சேர்ந்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. உண்மையில் எங்கள் மண்ணில் பெரும்பகுதி உங்களிடம் வந்து சேர்வதில்லை, நடுவில் உள்ள அணைகளில் தங்கிவிடுகிறது. அது இன்னும் கெட்ட செய்தி. பொல்கொல்லையும் ரந்தம்பேயும் வண்டலால் எவ்வளவு இடத்தை இழந்திருக்கின்றன என்பது நீர்ப்பாசனக்காரர்களுக்குத் தெரியும். மண் பிடித்த இடத்தில் தண்ணீர் நிற்காது. தண்ணீர் நிற்காவிட்டால் ஆவணியில் உங்கள் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் திறந்துவிட ஒன்றும் இருக்காது.

அந்த மண் எப்படி வருகிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். பழைய தோட்டக்காரர்கள் ஒவ்வொரு மலையிலும் கான் (வடிகால்) வெட்டி வைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் கானில் விழும், கானில் உள்ள குழிகளில் மண் தங்கும், வருடத்துக்கு இரண்டு தடவை ஆட்கள் இறங்கி அந்த மண்ணை வாரித் தேயிலைத் தூருக்குப் போடுவார்கள். என் அப்பா கான் வெட்டுவதில் பேர் வாங்கியவர். இப்போது ஆள் குறைந்துவிட்டது, கான் தூர்ந்துவிட்டது, வருமானம் இல்லாத மலைகளைக் கைவிட்டுவிட்டார்கள். சரிவில் மரக்கறி போடுகிறோம். லீக்ஸ், கரட், கோவா. மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்தால் வேலை சுலபம், மழைக்கு மண் போவதும் சுலபம். மண்ணோடு உரமும் மருந்தும் போகும். தோட்டச் சம்பளம் போதாமல்தான் மரக்கறிக்குப் போனோம். அது உண்மை, ஆனாலும் உங்களுக்கு அது சமாதானமாகாது.

காக்கா அடுத்துக் கேட்டதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். "அங்க நீங்க என்ன தண்ணி குடிக்கிற?" என்றார். ஊற்றுத் தண்ணீர், பீலியில் பிடிப்பது, சுத்திகரித்த குழாய்த் தண்ணீர் எங்கள் லயத்துக்கு வரவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆற்றின் தலையில் இருப்பவனுக்குத் தண்ணீருக்கு என்ன குறை என்று நினைத்திருந்தாராம். அவரைக் குறை சொல்ல முடியாது, எங்களைப் பற்றி உங்களிடம் யார் சொன்னார்கள்? 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு எங்களில் பெரும்பாலானோர் இந்த நாட்டவரே இல்லை என்று ஆனது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்களைத் தலைக்கணக்கில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்கிட்டது. கடைசியாக மிஞ்சியவர்களின் பிரச்சினை தீர 2003 வரை ஆனது. அந்த ஐம்பத்தைந்து வருடமும் எங்கள் மலைத் தண்ணீர் உங்கள் வயலுக்குத் தடையில்லாமல் வந்துகொண்டுதான் இருந்தது. 1987 பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டத்துக்குள் ஒரு கழிவறை கட்டவோ ஒரு குழாய் போடவோ பிரதேச சபைக்குச் சட்டத்தில் இடமில்லாமல் இருந்தது. அதைத் திருத்தியது 2018இல். ஆகவே எங்கள் லயத்துக் கழிவு ஓடைக்குப் போகிறதென்றால், அதற்குப் பின்னால் சோம்பேறித்தனத்தைவிடப் பழைய கதை ஒன்று இருக்கிறது.

அப்புறம், மாவிலாறு. அதைப் பேசாமல் உங்களுக்குக் கடிதம் எழுதுவது முறையாகாது.

2006 ஜூலையில், வெருகலாற்றிலிருந்து உங்கள் வயல்களுக்குத் தண்ணீர் விடும் மாவிலாற்றுத் துருசு (மதகு) பூட்டப்பட்டது. விடுதலைப் புலிகள் பூட்டினார்கள். தங்கள் பக்கத்து மக்களுக்கும் தண்ணீர்த் திட்டம் வேண்டும் என்ற கோரிக்கை அதற்குள் இருந்ததாக அப்போது சொல்லப்பட்டது. சிங்களக் கிராமம், தமிழ்க் கிராமம், முஸ்லிம் கிராமம் எல்லாவற்றிலும் பயிர் வாடியது. துருசைத் திறக்கவென்று தொடங்கிய சண்டை துருசு திறந்த பிறகும் நிற்கவில்லை. மூதூர் முஸ்லிம்கள் ஊரோடு வெளியேறினார்கள். பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர் 17 பேர் மூதூரில் கொல்லப்பட்டார்கள். 2009 மே வரை போன கடைசிப் போரின் தொடக்கம் என்று பலரும் காட்டுவது அந்தத் துருசைத்தான்.

அன்று பூட்டுக்குப் பின்னால் தேங்கி நின்ற தண்ணீர் எது என்று நான் அடிக்கடி நினைப்பேன். ஜூலை மாதம். எங்களுக்கு அடைமழைக் காலம். எங்கள் தேயிலையில் விழுந்து, எங்கள் கானில் ஓடி வந்த தண்ணீர் அது. நாங்கள் அன்று செய்தியில் "மாவிலாறு" என்று கேட்டோம். அது எங்கள் ஓடை என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் போர் நின்றிருக்கும் என்று சொல்லவரவில்லை. ஆனால் ஒரே ஆற்றில் வாழும் மூன்று சமூகத்தவருக்கும் "தண்ணீரைப் பற்றிப் பேச வாருங்கள்" என்று சொல்ல அன்று ஒரு இடம் இருக்கவில்லை. அப்படி ஒரு இடம் இன்றும் இல்லை.

எங்கள் ஊற்றிலும் ஒரு சின்ன மாவிலாறு நடந்தது. ஊற்று தேயிலை மலையின் உச்சியில் இருக்கிறது. ஒரு குழாய் எங்கள் லயத்துக்கு, இன்னொன்று ரோட்டுக்குக் கீழே உள்ள சிங்களக் கிராமத்துக்கு. நாங்கள் அதை 'நாடு' என்போம், அவர்கள் எங்களைத் 'தோட்டம்' என்பார்கள். நடுவில் ஒரு ரோடுதான். ஒரு பங்குனியில் மழை பொய்த்து ஊற்று நூல் மாதிரி ஆனது. ஒரு நாள் காலையில் இரண்டு குழாயும் அறுந்து கிடந்தன. நாட்டுக்காரர்கள் அறுத்தார்கள் என்று எங்கள் பையன்கள் கம்பை எடுத்தார்கள். அங்கேயும் அதே கதை. 1983 கலவரத்தைப் பார்த்தவர்கள் இரண்டு பக்கமும் உயிரோடு இருந்தார்கள். அன்று மாலைக்குள் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

என் பெரியம்மா கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு, கூடையைக்கூட இறக்காமல் கீழே போய், கிளினிக்கில் பழக்கமான ஒரு சிங்களப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஊற்றுக்கே வந்துவிட்டார். அவர் இவரை "அக்கே" என்பார், இவரும் அவரை "அக்கே" என்பார், யார் மூத்தவர் என்று இன்றுவரை தீரவில்லை. இருவரும் ஊற்றடியில் உட்கார்ந்துகொண்டார்கள். ஆண்கள் வேறு வழியில்லாமல் அங்கே வந்தார்கள். முதலில் குழாயை அறுத்தது எங்கள் லயத்துப் பையன்கள் என்பது அன்றே தெரிந்துபோனது. மேலே இருப்பவன் கையில்தான் முதலில் கத்தி இருக்கும். நாட்டுக்காரர்கள் பதிலுக்குத்தான் அறுத்தார்கள்.

அன்று செய்த ஏற்பாடு இன்றும் நடக்கிறது. விடிய நாலு மணியிலிருந்து பெரட்டு (காலையில் வேலைக்கு ஆள் பிரிப்பது) முடியும்வரை லயத்துக்கு. பிறகு பள்ளிக்கூடம் விடும்வரை நாட்டுக்கு. மற்ற நேரம் தொட்டிக்கு. தொட்டியில் ஒரு கம்பை நட்டுக் கத்தியால் பத்து வெட்டு வெட்டியிருக்கிறோம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஆள் சேர்ந்து பார்த்துக் கொப்பியில் எழுதுவார்கள், தமிழில் ஒரு பக்கம், சிங்களத்தில் ஒரு பக்கம். ஊற்றுக்கு மேலே நின்று தண்ணீரை உறிஞ்சிய டர்பன்டைன் மரங்களை வெட்டச் சொல்லித் தோட்ட நிர்வாகத்துக்குத் தனித்தனியே எழுதியபோது பதில் வரவில்லை. இரண்டு பக்கத்துக் கையெழுத்தோடு ஒரே கடிதமாகப் போனபோது மரம் விழுந்தது. அந்த இடத்தில் மூங்கிலும் கித்துலும் பலாவும் வைத்தோம். ஊற்றுக்கு அருகே மரக்கறி போட்டவர்கள் முப்பது அடி கீழே தள்ளிப் போனார்கள். அதில் ஒருவர் என் சொந்த மச்சான், ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. போன பங்குனியில் தண்ணீர் நாலாவது வெட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

பெரிய ஆறுகளிலும் இது நடந்திருக்கிறது. காவிரியை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் முன்னோர் பலர் தோணியேறி வந்த தமிழ்நாட்டின் ஆறு அது. 1991இல் நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பு அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்களைத் தேடி அடித்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, 2003இல், சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் இரண்டு மாநில விவசாயிகளும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். 'காவிரிக் குடும்பம்' என்று பேர் வைத்தார்கள். அவர்கள் இவர்கள் வயலுக்கு வந்தார்கள், இவர்கள் அவர்கள் வயலுக்குப் போனார்கள். காய்ந்த வயல் எந்த மொழி பேசுகிறவனுடையதானாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும் என்பதைப் பேப்பரில் படிப்பது வேறு, வரப்பில் நின்று பார்ப்பது வேறு. காவிரிப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடவில்லை, 2018இல் உச்ச நீதிமன்றம்தான் பங்கைச் சொன்னது. ஆனால் இரண்டு பக்கத்து விவசாயிகள் ஒரே பந்தியில் சாப்பிட்ட பிறகு பேசும் தொனி மாறியது.

இன்னும் தூரத்தில், பெத்லகேமுக்குப் பக்கத்தில் பத்தீர் என்று ஒரு பாலஸ்தீனக் கிராமம். மலையில் கல் அடுக்கிப் படிப்படியாக நிலம் கட்டி, ஊற்றுத் தண்ணீரை வாய்க்காலில் விட்டுப் பயிர் செய்கிறவர்கள். ரோமர் காலத்திலிருந்து வரும் பழக்கம் என்கிறார்கள். ஊரில் எட்டுப் பெரிய குடும்பங்கள். தண்ணீர் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள். அதனால் பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள். இதை என் பெரியம்மாவிடம் சொன்னபோது, "நம்மூட்டுக் கணக்கு மாதிரியே இருக்கே" என்றார். அந்த நிலத்தை வெட்டிக்கொண்டு இஸ்ரேல் தன் பிரிப்புச் சுவரைக் கட்டப் போனது. கிராமத்தாரோடு சேர்ந்து வழக்குக்கு நின்றது எக்கோபீஸ் என்ற அமைப்பு. 1994இல் தொடங்கிய அதை இஸ்ரேலியர், பாலஸ்தீனியர், ஜோர்தானியர் மூவரும் சேர்ந்து நடத்துகிறார்கள். இஸ்ரேலின் இயற்கை, பூங்கா அதிகாரசபையே சுவர் வேண்டாம் என்று கருத்துச் சொன்னது. 2014இல் பத்தீர் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. 2015 தொடக்கத்தில் இஸ்ரேல் உயர் நீதிமன்றம் அங்கே சுவர் வேலையை நிறுத்தியது.

அதே அமைப்பு 2001இல் இன்னொன்றும் தொடங்கியது. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர், நடுவில் ஒரே ஓடை அல்லது ஒரே நிலத்தடி நீர். இரண்டு ஊரையும் சோடி சேர்த்து, முதலில் அவரவர் பள்ளிக்கூடத்தில் அவரவர் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் காட்டுவது, பிறகு அடுத்த ஊரின் தண்ணீரைப் பார்ப்பது. ஜோர்தான் ஆற்றில் தண்ணீரை எல்லாரும் எடுத்துவிட்டுக் கழிவை விட்டுக்கொண்டிருந்தபோது, மூன்று பக்கத்து ஊர்த் தலைவர்களும் அதே ஆற்றில் ஒன்றாகக் குதித்துக் காட்டினார்கள். இதனால் அங்கே சமாதானம் வந்துவிட்டது என்று சொன்னால் நான் பொய்யன். 2023 ஒக்டோபருக்குப் பிறகு காசாவில் நடந்ததை நீங்களும் பார்த்தீர்கள். போரை நிறுத்தும் சக்தி ஒரு வாய்க்காலுக்கு இல்லை. போர் ஓய்ந்த மறுநாள் யாருக்கு யார் தொலைபேசி எடுப்பது என்று வரும்போது, நம்பர் வைத்திருப்பவர்கள் இப்படித் தண்ணீர் பேசியவர்கள்தான். அந்த அளவுக்குத்தான் நான் சொல்ல முடியும், அந்த அளவே பெரிது என்று நம்புகிறேன்.

தலைநகரத்தில் எழுதிய காகிதம் மட்டும் போதாது என்பதற்குச் சிந்து நதி சாட்சி. இந்தியாவும் பாகிஸ்தானும் 1960இல் உலக வங்கியின் துணையோடு கையெழுத்திட்டன. 1965, 1971, 1999 போர்களைத் தாண்டி அந்த ஒப்பந்தம் நின்றது. 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், இந்தியா அதை நிறுத்திவைத்தது. அறுபத்தைந்து வருடத்து ஏற்பாட்டை நிறுத்த ஒரு நாள் போதுமாக இருந்தது.

நம் தீவில் நாட்டு எல்லை ஆற்றைக் குறுக்கே வெட்டவில்லை. ஆனால் மத்தி, ஊவா, வடமத்தி, கிழக்கு என்று மாகாண எல்லைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணத்தில் ஓடும் ஆறு அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மத்திய அரசின் கையில். ஒவ்வொரு போகத்துக்கும் எந்த அணையிலிருந்து எவ்வளவு என்று மகாவலி அதிகார சபையின் நீர் முகாமைத்துவச் செயலகம் கணக்குப் போட, நீர்ப்பாசனம், மின்சாரம், குடிநீர் என்று பல திணைக்களத்தார் கூடித் தீர்மானிக்கிறார்கள். மின்சாரத்துக்கு நாற்காலி உண்டு. மேட்டில் இருக்கும் எங்களுக்கு இல்லை. எழுதப்படாத எல்லைகளும் உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் பல தமிழருக்கு 'மகாவலி' என்ற சொல் அந்தத் திட்டத்தில் வந்த சிங்களக் குடியேற்றம் என்றுதான் காதில் விழும். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதே நேரம், அந்தக் குடியேற்றங்களில் இருக்கும் சிங்களக் கமக்காரர்களில் சிலர் கொத்மலையிலிருந்து எழுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள். 1985இல் நிரம்பிய அந்த நீர்த்தேக்கத்துக்கு அடியில் அவர்களின் ஊர் இருக்கிறது. தண்ணீர் வற்றும் வருடத்தில் கடதொர விகாரை மேலே வரும். பார்க்க பஸ் பிடித்து வருவார்கள். கரையில் நின்று தங்கள் வீடு இருந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் கைகாட்டும் ஒரு முதியவரை நான் பார்த்திருக்கிறேன். கலவரத்தில் இறங்கிய எங்கள் சித்தியும், அணைக்காக இறங்கிய அவரும் ஒரே மலைக்காரர்கள், ஒரே ஆற்றின் கீழ்ப்பக்கம் போய்ச் சேர்ந்தவர்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலை சரிந்து ஊர் ஊராக மண்ணுக்குள் போனது. நாடு முழுவதும் அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கே மண் சரிந்துகொண்டிருந்த இரவில் ஈச்சிலம்பற்றுச் சித்தி மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். நலம் விசாரித்துவிட்டு, "அங்க மழை விட்டுட்டா?" என்று கேட்டார். எங்களுக்காக மட்டும் கேட்கவில்லை. இங்கே மழை விடாவிட்டால் மாட்டை மேட்டுக்கு ஏற்ற வேண்டும் என்பது அவர் கணக்கு. விடவில்லை என்றோம். ஏற்றினார். பக்கத்து வளவுக்காரர்களுக்கும் சொன்னார். அடுத்த நாள் எங்களுக்கு மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. மகாவலி மன்னம்பிட்டியைத் தாண்டிக் கீழே வந்தது, மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தது. எத்தனையோ திணைக்களங்கள் இருக்கும் நாட்டில், அந்த ஆற்றின் தலைக்கும் வாலுக்கும் நடுவே அந்த இரவில் எனக்குத் தெரிந்து வேலை செய்தது ஒரு சித்தியின் தொலைபேசி.

ஆகவே கேட்கிறேன். அடுத்த சிறுபோகத்துக்கு உங்கள் அமைப்புகள் ஆரம்பக் கூட்டம் வைக்கும்போது, விதைப்புத் திகதியும் தண்ணீர் விடும் திகதியும் பேசும் அந்தக் கூட்டத்தில், மேட்டிலிருந்து வரும் இரண்டு பேருக்கு இடம் கொடுங்கள். பேச விடாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டுக்கொண்டிருப்போம். நாங்கள் தோட்டத்திலிருந்து ஒருவரும் நாட்டிலிருந்து ஒருவருமாக வருவோம். அதற்கு முன், மாசியில், உங்களில் நாலு பேர் இங்கே வாருங்கள். தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூன்று பேரும் அந்த நாலு பேருக்குள் இருந்தால் நல்லது. தூர்ந்த கானையும் வெட்டிய கானையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுகிறேன். எங்கள் கழிவறைக் குழி எங்கே வடிகிறது என்பதையும் மறைக்காமல் காட்டுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதம் ஒரு நாள் ஊற்றடியிலும் ஓடையிலும் போத்தலில் தண்ணீர் பிடித்து, அடையும் மண்ணை அளந்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். அதே நாளில் உங்கள் வாய்க்காலில் ஒரு பள்ளிக்கூடம் பிடித்தால், ஒரு வருடத்தில் நம் கையில் ஒரு கணக்கு இருக்கும். அப்புறம், மழைக்காலத்துக்கு ஒரு தொலைபேசிப் பட்டியல் வேண்டும். இங்கே பத்து நம்பர், கம்பளையில் சில, மன்னம்பிட்டியில் சில, உங்களிடம் பத்து.

கடைசியாக ஒன்று. இது எங்களுக்காகக் கேட்பது. லயத்துக்குச் சுத்தமான குழாய்த் தண்ணீரும் ஒழுங்கான கழிவறையும் வேண்டும் என்று நாங்கள் கேட்டால் அது தோட்டத்தானின் பழைய முறைப்பாடு. நீங்கள் கேட்டால், உங்கள் ஆற்றைக் காப்பாற்றக் கேட்கிறீர்கள். டர்பன்டைன் மரத்துக்கு இரண்டு பக்கத்துக் கையெழுத்து வேலை செய்தது. நீர் முகாமைத்துவச் செயலகத்துக்கு மேடும் பள்ளமும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதுவோம்: மேட்டுக்காரருக்கு அந்த மேசையில் ஒரு நாற்காலி, கான் வெட்டும் வேலைக்கு மகாவலியின் மின் வருமானத்தில் ஒரு பங்கு. கடிதத்தை நான் எழுதி வைத்திருக்கிறேன். சிங்களத்தில் கீழ் ஊர் விகாரைக்குப் பக்கத்து வீட்டு ஆசிரியை ஒருவர் எழுதித் தந்தார். கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது.

தலவாக்கலையில் இறங்கினால் பூண்டுலோயாவுக்கு பஸ் இருக்கும். மாசியில் இரவில் கடும் குளிர், போர்வை நாங்கள் தருகிறோம், கம்பளிச் சட்டை மட்டும் கொண்டு வாருங்கள். அந்தக் காக்காவிடம் சொல்லுங்கள், அந்தச் சோடாப் போத்தலை மறக்காமல் எடுத்துவர வேண்டும், எங்கள் ஊற்றில் ஒரு தடவை நிரப்பிப் பார்க்க. பெரியம்மா இப்போதே கேட்கிறார், அவர் தேத்தண்ணிக்குச் சீனி போடுவாரா இல்லையா என்று.

இப்படிக்கு,
பூண்டுலோயாவிலிருந்து ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியன்